டர்பைன் கிண்ணம்: சர்டிபிகேட் வந்த பிறகும் அறுத்துப் பார்த்தோம்

சித்தேரி மலை ஓடையில் சின்னதாக ஒரு பெல்டன் டர்பைன் வைக்கும் வேலையில் இருக்கிறேன். பீய்ச்சும் தண்ணீர் சக்கரத்தின் ஓரத்திலுள்ள கிண்ணங்களில் அடித்து அதைச் சுழற்றும், அதில் மின்சாரம் எடுக்கலாம். நீர் விழும் உயரம் 45 மீட்டர். சக்கரத்துக்கான கிண்ணங்களைக் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பட்டறையில் கன்மெட்டல் என்ற செம்புக் கலவையில் வார்த்தோம். பெரிய மின்நிலையங்களில் 13 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுவார்கள். இங்கே அதற்கு வழியில்லை.

நாங்கள் கேட்ட கலவையில் செம்பு 85 சதவீதம். வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலா 5. ஆனால் உலைக்குப் போவது பழைய வால்வும் புஷ்ஷும்தான். அதனால் முதலில் ஓசூரில் ஒரு லேபில் ஸ்பெக்ட்ரோ, அதாவது எந்தப் பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் சோதனை, பார்த்தோம். அதில் அலுமினியம், சிலிக்கான் இரண்டையும் கட்டாயம் பாருங்கள். இந்தக் கலவையில் அவை துளி சேர்ந்தாலும் வார்ப்பு நீர் கசியும். அப்புறம் இழுவிசை சோதனை. இரண்டும் சரியாகவே வந்தன.

"சர்டிபிகேட்டே வந்துடுச்சே தம்பி, இன்னும் என்ன பார்க்கணும்?" என்றார் மேஸ்திரி.

"கிண்ணத்தைப் பார்க்கணும்ணா" என்றேன்.

லேபுக்குப் போனது தனியாக வார்த்த கம்பி. கிண்ணத்துக்கோ ஓரம் மெல்லிசு, சக்கரத்தோடு சேரும் அடித்தண்டு தடிமன். தடித்த இடம் கடைசியில் உறையும். சுருங்கும்போது அங்கே உலோகம் போய்ச் சேராவிட்டால் உள்ளே குழி விழும். நிமிடத்துக்கு 1000 சுற்று, தண்ணீரைப் பீய்ச்ச ஒரே நாசில் என்றால், ஒவ்வொரு கிண்ணமும் நாளொன்றுக்கு 14.4 லட்சம் அடி வாங்குகிறது. ஒரு வாரத்தில் ஒரு கோடி! அத்தனையும் அந்தத் தண்டைத்தான் வளைக்கிறது.

ஒரு நல்ல தராசு போதும். கிண்ணத்தைக் காற்றில் ஒரு எடை, தண்ணீரில் தொங்கவிட்டு ஒரு எடை. முதல் எடையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி. இந்தக் கலவைக்கு 8.8-ஐ ஒட்டி வரவேண்டும். ஒரு கிண்ணம் 8.3 காட்டியது. அறுத்தோம். தண்டுக்குள் தேனடை மாதிரி துளைகள். மேஸ்திரி அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரைசரைத் தண்டு மேலேயே வெச்சிடலாம்" என்றார். வார்ப்பு சுருங்கும்போது உருகிய உலோகத்தை ஊட்டும் தேக்கம்தான் ரைசர். அவர் கைப்பட மோல்டை மாற்றினார். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

மாற்றி வார்த்ததில் ஒன்றை மறுபடி அறுத்தோம், தண்டு கெட்டியாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும் எடை பார்த்து, மேல் விரிசலுக்குச் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தோம். சிவப்புக் கோடு எழும்பியவை உலைக்கே திரும்பின. மீதியைச் சக்கரத்தில் பொருத்திக்கொண்டிருக்கிறோம், அடுத்தது பேலன்ஸ்.