சியேர்-ஸினால் ஓடப்போகிறவர்களுக்கு: ஷூவை இறக்கத்துக்குப் பார்த்து வாங்குங்கள்

சுவிட்சர்லாந்தில் சியேர் நகரிலிருந்து ஸினால் கிராமம் வரை ஓடும் சியேர்-ஸினால் மலை ஓட்டம் 1974-இல் தொடங்கியது. 31 கி.மீ. தூரம், சுமார் 2,200 மீட்டர் ஏற்றம். இந்தக் கணக்கைப் பார்த்ததுமே பலர் எடை குறைந்த ஷூவைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் விரல் நகம் கறுத்துப்போவது ஏற்றத்தில் அல்ல, ஸினாலுக்குள் இறங்கும் கடைசிச் சரிவில். அந்த நேரத்தில் கால் வீங்கியிருக்கும், தொடை தளர்ந்திருக்கும், ஒவ்வொரு அடிக்கும் பாதம் ஷூவுக்குள் முன்னே சறுக்கும்.

அதனால் முதலில் அளவு. சாயங்காலம் கடைக்குப் போங்கள். பகல் முழுக்க நடந்த கால் சற்றுப் பெருத்திருக்கும். ஓட்டத்தன்று போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். உங்கள் நீளமான விரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம், அதாவது 10–12 மி.மீ. இருக்க வேண்டும். பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அகலத்தைச் சோதிக்க உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டி வெளியே வழிந்தால் அந்த ஷூ வேண்டாம், எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி. கடைசியாக, லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு சாய்தளத்தில் வேகமாக இறங்குங்கள். சாய்தளம் இல்லையென்றால் முனையைத் தரையில் நாலு முறை தட்டுங்கள். விரல் முன்னால் இடித்தால் ஒன்று அளவு சிறியது, இல்லையென்றால் லேஸ் பாதத்தைப் பிடிக்கவில்லை.

அடுத்தது அடிப்பாகத்தின் பற்கள். இங்கிலாந்தின் சேற்றுக் குன்றுகளுக்கு 6–8 மி.மீ. பல், அதுவும் சேறு உதிரும்படி இடைவெளி விட்ட பல் தேவை. சியேர்-ஸினாலில் அது தொல்லை. ஓட்டம் ஆகஸ்டில் நடப்பதால் பாதை பெரும்பாலும் கெட்டி மண், கல், வேர். நீளப் பல் கெட்டித் தரையில் வளைந்து காலை ஆட்டும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். 3–4 மி.மீ. போதும். பல்லின் உயரத்தைப் பார்ப்பதைவிட ரப்பர் மென்மையாக இருக்கிறதா என்று பாருங்கள், மழை பெய்தால் நனைந்த பாறையில் பிடிப்பது அதுதான்.

மிட்சோல், அதாவது பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவே உள்ள மெத்தை, மெத்தென்று உயரமாக இருந்தால் தொடைக்குச் சுகம். ஆனால் கல் நிறைந்த பாதையில் உயரம் கூடக் கூடக் கணுக்கால் பிசகும் வாய்ப்பும் கூடும். என் தேர்வு நடுத்தர உயரம்தான்.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைத் திடீரென்று மாற்றாதீர்கள். 8–10 மி.மீ. பழகியவர் சுழியத்துக்குத் தாவினால், சியேரை விட்டுக் காட்டுக்குள் ஏறும் அந்தச் செங்குத்தில் கெண்டைக்காலும் குதிநாணும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பழக மாதக்கணக்கில் ஆகும்.

நீர் புகாத சவ்வு வைத்த ஷூ இந்த ஓட்டத்துக்கு வேண்டாம். கணுக்கால் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, தோல் ஊறிக் கொப்புளம் வரும். வலைத்துணி நனைந்தாலும் ஓட ஓடக் காய்ந்துவிடும்.

புது ஷூவில் ஓட்டத்துக்கு முன் 50 கி.மீ.யாவது ஓடியிருங்கள், அதில் ஒரு நீண்ட இறக்கம் கட்டாயம் இருக்கட்டும்.

லேஸ் கட்டும் விதம் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான ஷூக்களில் மேலே ஒரு கூடுதல் துளை சும்மா கிடக்கும். லேஸை அதே பக்கத்துத் துளைக்குள் விட்டு இருபுறமும் சிறு வளையம் ஆக்குங்கள். இடது நுனியை வலது வளையத்திலும் வலது நுனியை இடது வளையத்திலும் கோத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் உட்கார்ந்துவிடும். பாதையின் உச்சியான 2,425 மீட்டர் நாவாவைத் தாண்டி, ஸினால் இறக்கம் தொடங்கும் முன் அரை நிமிடம் நின்று இந்த முடிச்சை மறுபடி இறுக்குங்கள். விரல் பக்கம் தளர்வாகவே இருக்கட்டும், கணுக்கால் பக்கம் மட்டும் இறுக்கம்.