சித்தப்பாவுக்கு ஒரு பட்டியல்

ஜூன் 2

சித்தப்பா நாற்பது வருஷமாகக் கச்சேரி கேட்கிறவர். சின்ன வயதில் மூன்று வருஷம் மிருதங்கமும் கற்றிருக்கிறார். இன்று திடீரென்று, "நீ கேக்கற வெள்ளைக்காரன் சங்கீதத்துல ஒரு ஆறு உருப்படி சொல்லேன், கேட்டுப் பார்க்கறேன்" என்றார். ராத்திரி உட்கார்ந்து எழுதினால் இருபத்து மூன்று வந்து நிற்கிறது.

ஜூன் 4

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை முதலில் வைத்தேன். எல்லோரும் அதைத்தானே வைக்கிறார்கள். தப்பு. "ப ப ப க, ம ம ம ரி. இதுக்கு எதுக்கு இத்தனை பேர் சண்டை போடறாங்க?" என்று கேட்டுவிட்டுக் காபி போடப் போய்விட்டார். ஆனால் ஒரே தடவையில் ஸ்வரம் பிடித்துவிட்டார் மனுஷர். எனக்கு அது இன்னும் வராது.

ஜூன் 5

யோசித்தேன். அவர் காது ஒற்றை இழையைப் பிடித்துக்கொண்டு போகிற காது. ஒரே நேரத்தில் நாலைந்து ஸ்வரம் சேர்ந்து ஒலித்தால் அவருக்கு அது இரைச்சல். முதலில் ஒரே வாத்தியம்தான் சரி.

ஜூன் 7

பாக், முதல் செல்லோ சூட், பிரிலூட். செல்லோ பெரிய வயலின் மாதிரி; சூட் பல துண்டுகளின் தொகுப்பு, பிரிலூட் அதன் முதல் துண்டு. இரண்டரை நிமிஷம்தான். முதல் நாலு பாரிலும் (நம்ம ஆவர்த்தனம் மாதிரி) அடியில் ஜி என்ற ஸ்வரம் திரும்பத் திரும்ப வந்து விழும், மற்ற ஸ்வரங்கள் அதன்மேல் ஏறி இறங்கும். "சுருதி யார் போடறா?" என்றார். வாசிக்கிறவரேதான் என்றேன். கமகம் இல்லாமல் ஸ்வரமெல்லாம் மொட்டையாக நிற்கிறதாம். அது குறைதான், ஆனாலும் இன்னொரு தடவை வை என்றார்.

ஜூன் 8

விவால்டி, 'வசந்தம்', இரண்டாம் பகுதி. 1725-இல் அச்சான இசைப் பிரதியிலேயே வயோலாவுக்கு (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது) நேரே 'குரைக்கும் நாய்' என்று போட்டிருக்கிறது. ஆட்டிடையன் தூங்குகிறான், அது சோலோ வயலின். பக்கத்தில் நாய். சித்தப்பா சிரித்தார்: "நீ சொன்னதாலதான் நாய். இல்லாட்டி யாரோ கதவைத் தட்டறான்."

மொட்சார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோ நடுப்பகுதியில் தூங்கிவிட்டார். பட்டியலில் இருக்கட்டும், தூங்கியது பாராட்டாகவும் இருக்கலாம்.

ஜூன் 11

ராவெலின் 'பொலேரோ', 1928. கால்மணி நேரம் என்றதும் முகம் சுளித்தார். ஸ்நேர் டிரம் மெதுவாகத் தொடங்கியதுமே கை தொடைக்குப் போய்விட்டது. "மூணு எண்ணிக்கை. ரூபகம்னு வெச்சுக்கோ." புல்லாங்குழல், கிளாரினெட், ஸாக்ஸஃபோன் என்று ஆள் மாறி மாறி அதே மெட்டு, சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அவர் தாளம் விடவே இல்லை. முடிய ஒரு நிமிஷம்கூட இல்லாதபோது சுருதி சி-யிலிருந்து ஈ-க்குத் தாவும் இடம் வந்தது. கை நின்றது.

"சுருதி மாறிடுச்சே! உன் மெஷின் ரிப்பேரா?"

பதில் சொல்வதற்குள் பழைய சுருதிக்கே வந்து படாரென்று முடிந்துவிட்டது. அந்த இடத்தை மட்டும் மூன்று முறை போடச் சொன்னார். கிளம்பும்போது வாசல் வரை வந்து கேட்டார்: "அந்த டிரம்காரனுக்குக் கை வலிக்காதா?"