கைநாட்டுக்கு என்ன பதில்?

1994-இல் மல்ஹோத்ரா குழு அறிக்கை வந்தபோது நான் மதுரைப் பக்கம் ஓர் எல்ஐசி கிளையில் உதவியாளர். இன்சூரன்ஸைத் தனியாருக்குத் திறந்துவிடலாம் என்றது அறிக்கை. வாயிற்கூட்டமும் வேலைநிறுத்தமும் எங்களுக்குப் பழக்கம்தான். இந்த முறை அதை எதிர்த்து மக்களிடம் கையெழுத்து வாங்கச் சொன்னது எங்கள் ஊழியர் சங்கம். ஆபீஸ் முடிந்ததும் படிவமும் மைப்பெட்டியுமாகக் கிளம்புவோம். நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் சேர்ந்தது.

ஒரு தலித் காலனியில், பாலிசிப் பணம்தான் குடிநீர்த் திட்டங்களுக்குக் கடனாகப் போகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கைநாட்டு வைக்க வந்த அம்மா, "அந்தத் தண்ணி எங்க தெருவுக்கு மட்டும் ஏன் சார் வரல?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பெருவிரலை மையில் ஒற்றிப் படிவத்தில் அழுத்திவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

1999-இல் தனியாரை அனுமதிக்கும் சட்டம் எப்படியும் நிறைவேறிவிட்டது. ஆனால் அந்தக் கைநாட்டுகள் மொய் மாதிரி. வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும்.

2007-இல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி உருவானபோது எங்கள் சங்கத் தோழர்கள் பலர் அதில் இறங்கி வேலை செய்தார்கள். அடுத்த வருடமே மதுரை மாவட்டத்து உத்தப்புரம். தலித் மக்களின் பாதையை மறித்து நின்ற சுவர், போதாததற்கு மேலே மின்கம்பி. 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகமே அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது.

வெளியே சுவர் இடிந்த நேரத்தில் எங்கள் சாப்பாட்டு அறையில் சண்டை. "பஞ்சப்படிக்குப் போராடுங்க தோழர், முதல் ஆளா வர்றேன். ஊர்ச் சண்டை நமக்கெதுக்கு?" என்றார் ஒருவர். ஒரு வேலைநிறுத்தத்துக்குக்கூட வராமல் இருந்தவரில்லை அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வருடக்கணக்காகச் சம்பளம், போனஸ் என்று மட்டுமே பேசி அவரை அப்படிப் பழக்கியது நாங்கள்தானே. சிலர் சந்தாவை நிறுத்தினார்கள். சங்கம் பின்வாங்கவில்லை. அதன் எத்தனையோ ஊதிய ஒப்பந்தங்களைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

2011 நவம்பரில் உத்தப்புரம் முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனார்கள். அந்தத் தோழர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பேப்பரை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

அப்புறம் 2021 மார்ச் 18. எல்ஐசி பங்கு விற்பனையை எதிர்த்து வேலைநிறுத்தம். எங்கள் வாயிலில் ஆதரவாகப் பேச முன்னணிக்காரர்கள் வந்திருந்தார்கள். பாலிசிதாரர்கள்தான் ஒருவரும் வரவில்லை.