சேலத்து மொட்டை மாடியில் கிளார்க்கின் கணக்கு

சேலத்தில் தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் மாட்டுகிறவர் தெற்கிலிருந்து கிழக்காக 54 டிகிரி திருப்பி, அடிவானத்திலிருந்து 67 டிகிரி உயரத்தைக் குறிவைக்கிறார். இந்தக் கணக்குக்கான விதை 1945 அக்டோபர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் இருக்கிறது. எழுதியவர் பின்னாளில் அறிவியல் புனைகதைகளால் புகழ்பெற்ற ஆர்தர் சி. கிளார்க், அப்போது வயது 27, பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் ஆள்.

பூமியின் மையத்திலிருந்து சுமார் 42,000 கி.மீ. தள்ளி, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுழலும். கீழிருந்து பார்த்தால் நகராது. அந்தப் பாதையைப் பற்றி ஹெர்மன் பொட்டோச்னிக் என்ற பொறியாளர் 1920களிலேயே எழுதிவிட்டார். அங்கே மூன்று நிலையங்கள் வைத்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று கணக்குப் போட்டதுதான் கிளார்க்கின் பங்கு. ஒன்று சறுக்கியது: அந்தக்கால ரேடியோக் கருவிகளின் வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) எரிந்துபோனால் மாற்ற ஆள் வேண்டுமே என்று, மனிதர்கள் தங்கும் நிலையமாக அதை யோசித்தார். டிரான்சிஸ்டர் வந்து அந்த வேலையை ஒழித்தது. 1964இல் சின்காம்-3 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் ஆளில்லாமலே அங்கே போய் நின்றது.

நமக்கு மிக அருகில் அவர் குறித்த இடங்களில் ஒன்று கிழக்குத் தீர்க்கரேகை 30 டிகிரி. அதுவே நிலைத்திருந்தால் சேலத்து டிஷ் ஏறக்குறைய நேர் மேற்கே, வெறும் 33 டிகிரி உயரத்தில் பார்த்திருக்கும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் 20 மீட்டர் உயரச் சில்வர் ஓக் மரம் ஒன்று 30 மீட்டர் தள்ளி நின்றாலும் மறைக்கும். இன்று ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஒளிபரப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிற்பது கிழக்கு 93.5 டிகிரியில், அதே மரம் 8 மீட்டருக்கு அப்பால் இருந்தால் போதும். மூடுபனி பெரிதாகக் கெடுக்காது. நனைந்த இலைதான் கெடுக்கும்.

மாட்டும்போது முதலில் கம்பம். ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தாவிட்டால் டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பும்போதே உயரமும் மாறி, தேடித் தேடி அலுத்துவிடும். ஆஃப்செட் டிஷ்ஷின் (சிக்னல் வாங்கும் கருவி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளியிருக்கும் வகை) முகத்தை 67 டிகிரிக்குச் சாய்க்கக் கூடாது. அதன் வளைவே இருபது டிகிரிக்குமேல் எடுத்துக்கொள்ளும், அதனால் பார்வைக்கு நிமிர்ந்தே தெரியும். பிராக்கெட்டில் உள்ள அளவுக்கோட்டை நம்புங்கள். சிக்னல் வாங்கும் அந்தக் கருவியான எல்.என்.பி.யை, டிஷ்ஷின் பின்னால் நின்று பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுமார் 52 டிகிரி முறுக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு இது அதிகம். 60 செ.மீ. டிஷ் ஒன்றரை டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாகும். ஆகவே நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

1975இல் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக இந்தியக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனபோது, கொழும்பில் கிளார்க் வீட்டிலும் இஸ்ரோ ஓர் ஆன்டெனா அமைத்துக் கொடுத்தது. கிராமங்களில் கோழிக்கூண்டு வலையில் செய்த 3 மீட்டர் டிஷ்ஷே போதுமாக இருந்தது. 860 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 35 செ.மீ.; வலையின் ஓட்டை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இன்றைய அலை இரண்டரை செ.மீ.தான். குரங்கு குதித்துச் சில மில்லிமீட்டர் நசுங்கினாலும் படம் உடைய ஆரம்பிக்கலாம்.

'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் விண்வெளி லிஃப்ட்டை நிலநடுக்கோட்டில் கட்டவேண்டியிருந்ததால் இலங்கையையே 800 கி.மீ. தெற்கே தள்ளிவைத்தவர் அவர். நம்மால் ஏற்காட்டைத் தள்ள முடியாது. இடத்தைச் சோதித்துத்தான் மாட்ட வேண்டும். அதற்குச் சூரியனே போதும். மார்ச் 15ஐ ஒட்டி காலை பதினொன்றே கால் மணிக்கும், செப்டம்பர் 28ஐ ஒட்டி பதினொரு மணிக்குச் சற்று முன்பும், சூரியன் ஜிசாட்-15க்கு நேர் பின்னால் வரும். அப்போது சில நிமிடங்கள் படம் போகும். செட்-டாப் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். அதே நேரத்தில் டிஷ் வைக்கப்போகும் இடத்தில் நிழல் விழுந்தால், வேறு மூலை பாருங்கள்.