காதைக் குத்தும் ஸ்ரீரியோ: காசு செலவழிக்க முதல்

நாதஸ்வரம் கீறுகிறது, பாடகியின் ‘ச’ ஊசிபோலக் குத்துகிறது என்றால் உடனே அம்பிளிபயரை மாற்றத்தான் மனம் ஓடும். அதற்கு முதல் ஸ்பீக்கர் இரண்டையும் முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், சுவரிலிருந்து எட்டத் தள்ளி வைத்து, அதே பாட்டை அதே அளவில் போட்டுப் பாருங்கள். வெளியில் பாஸ் (கீழ்ச்சத்தம்) குறையும்; அதைக் கணக்கெடுக்க வேண்டாம். குத்தல் போய்விட்டால் பிழை அறையில்தான்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். ரைல்ஸ் நிலம், பூசின கல்சுவர், கண்ணாடி யன்னல்: சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. அறை நடுவில் நின்று கைதட்டினால் ஒரு கிணுகிணுப்பு இழுபடும். முட்டைத் தட்டு ஒட்டுவதால் பயனில்லை. பன்னோலைப் பாயும் மெல்லிய திரைச்சீலையும் போதாது. மெல்லிய பஞ்சு மேல்சத்தத்தைத்தான் நன்றாக உறிஞ்சும்; தடிப்புக் கூடக்கூடக் கீழே வரைக்கும் உறிஞ்சும். காதை உறுத்துவது பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையான சத்தம். அதை முழுதாக அடக்க நாலு அங்குலம் இருந்தால் நல்லது. பழைய இலவம்பஞ்சு மெத்தை வீட்டில் கிடந்தால் அதுவே அருமையான சாமான். சாமி விளக்குக்குக் கிட்ட மட்டும் வைக்காதீர்கள், கெதியாகப் பற்றும்.

மெத்தையை எங்கே சாத்துவது? நீங்கள் கதிரையில் இருங்கள், இன்னொருவர் பக்கச் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்தட்டும். எந்த இடத்தில் ருவீற்றர் (மேல்சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்) கண்ணாடிக்குள் தெரிகிறதோ அங்கேதான். இரண்டு பக்கமும் பாருங்கள். ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் நடுவில் தடித்த கம்பளம் ஒன்று விரியுங்கள். ருவீற்றர் நேரே காதைப் பார்த்து நின்றால் ஸ்பீக்கரைச் சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள். அந்தச் சிறு திருப்பத்திலேயே கூர்மை மழுங்கும்.

முற்றத்திலும் குத்தினால் வயரைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் பாஸ் ஒன்றையொன்று அழித்து, மேல்சத்தம் மட்டும் மிஞ்சும். அம்பிளிபயரை நிறுத்திவிட்டு ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றிப் பூட்டுங்கள். பாஸ் நிறைந்தால் அதுவே சரி. உப்புக்காற்றில் பச்சை பிடித்த வயர் நுனியை வெட்டி எறிந்து புதிதாய்ச் சீவுங்கள். வூபரின் (பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கரின்) விளிம்பு ஸ்பொஞ்சையும் விரலால் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் பாஸ் போன இடம் அதுதான். போனில் ஈக்குவலைசர் (பாஸையும் மேல்சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டிருந்தால் நிறுத்துங்கள்.

சத்தத்தைக் கூட்டி வைக்கும்போது மட்டும் குத்தி, பாஸ் திருகியைக் குறைத்ததும் தெளிந்தால், அம்பிளிபயருக்குப் பலம் போதவில்லை. அப்படியே தொடர்ந்து போட்டால் ருவீற்றர் எரியக்கூடும்.

எல்லாம் சரி, இன்னும் கூர்மை என்றால் மட்டும் அம்பிளிபயரை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர்ப் பெட்டியைத் திறவுங்கள். ருவீற்றரின் சிவப்பு வயரை வெட்டி இடையில் 10 வாட் றெசிஸ்ரர் (மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) ஒன்றை ஈயத்தால் பற்றவையுங்கள். 8 ஓம் ருவீற்றருக்கு 1 ஓம் போட்டால் மேல்சத்தம் 1 டெசிபல் (சத்தத்தின் அளவு) அளவும், 2.2 ஓம் போட்டால் 2 டெசிபல் அளவும் குறையும். முதலில் 1 ஓம். இரண்டு பக்கமும் ஒரே அளவு. அது சூடேறும், ஆகவே பெட்டிக்குள் இருக்கும் பஞ்சில் முட்டாமல் கட்டுங்கள்.