மாங்கா குதிக்காதுடா

கிருஷ்ணகிரியில் 20 வருஷமாக ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறேன். காதுகுத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை எதுவானாலும், மாப்பிள்ளையின் வழுக்கையில் முடி முளைக்க வைப்பது எனக்கு ஐந்து நிமிஷ வேலை. இந்தத் தைரியத்தில்தான், கல்யாண ஆர்டர் கொடுக்க வந்தவர் "பத்திரிகை வாட்ஸ்அப்ல அசையணும், பிள்ளையார் கண்ணு சிமிட்டணும்" என்று கேட்டபோது, "அதுக்கென்ன, 800 ரூபாய்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளையார் சிமிட்டவில்லை. அன்று ராத்திரி முழுக்க நான்தான் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதனால் மாலை ஆறரை மணி டிஜிட்டல் ஆர்ட் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். மாடியில் ஒரே அறை, எட்டு கம்ப்யூட்டர். என்னைத் தவிர எல்லோரும் கோடை லீவில் வந்திருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். சொல்லிக்கொடுப்பவருக்கு 24 வயது. அவருடைய காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்ததே நான்தான் என்பது இரண்டாம் நாள் பேச்சுவாக்கில் தெரியவந்தது. அதன்பிறகு அவரை சார் என்பதா தம்பி என்பதா என்று குழம்பி, கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். சந்தேகம் வந்தால் லேசாக இருமுவேன், அவர் வந்துவிடுவார்.

முதல் பாடம், பந்து குதிப்பது. எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. தலைவர்களையே வரிசை மாறாமல் நிறுத்தியவனிடம் போய் பந்து வரையச் சொன்னால்?

திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 கட்டம் ஓடும், வரைந்த ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12 படம் போதும் என்றார். மனசுக்குள் கணக்குப் போட்டேன். மூன்று நிமிஷப் பத்திரிகைக்கு 2160 படம். நான் பேசிய 800 ரூபாயை வகுத்தால் ஒரு படத்துக்கு 37 காசு. அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஃபீஸ் கட்டியாகிவிட்டது.

கிரிட்டா என்ற மென்பொருள். இலவசம் என்பதால் எனக்கு உடனே பிடித்துவிட்டது. அதில் 'ஆனியன் ஸ்கின்' என்று ஒரு வசதி உண்டு. முந்தைய படம் அடியில் மங்கலாகத் தெரியும், அதைப் பார்த்து அடுத்ததை வரையலாம். பிள்ளைகளுக்கு அதை விளக்க அவர் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். எனக்குத் தேவைப்படவில்லை. புது போஸ்டர் மழையில் நனைந்தால் அடியிலிருக்கும் பழைய போஸ்டரின் முகம் எட்டிப் பார்க்குமே, அதேதான்.

பந்தை மேலிருந்து கீழே சம இடைவெளியில் 12 இடத்தில் வரைந்து ஓட்டிக் காட்டினேன். பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அங்கிள், உங்க பந்து லிஃப்ட்ல இறங்குது" என்றாள்.

உண்மைதான். உச்சியில் பந்து தயங்கி நிற்கும், அங்கே படங்கள் நெருக்கமாக இருக்கவேண்டும். கீழே வர வர வேகம் கூடும், அப்போது இடைவெளியும் கூடவேண்டும். அதைச் சரிசெய்தால் அடுத்த சிக்கல். தரையில் படும்போது பந்து நசுங்கவேண்டும். ஆனால் உயரம் குறைந்த அளவுக்கு அகலம் கூடினால்தான் அது அதே பந்து. என்னுடையது உயரம் குறையாமலே அகலமாகி, தரையில் பூசணிக்காயாகி, அப்புறம் அதே பருமனோடு மேலே போனது. டிஸ்னியில் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸ், ஒல்லி ஜான்ஸ்டன் என்ற இருவர் 1981ல் 12 விதிகள் எழுதி வைத்திருக்கிறார்களாம். முதல் விதியே இந்த நசுங்கல்தான். முதல் விதியிலேயே நான் ஃபெயில்.

ரோஷம் வந்து, நம்ம ஊர்க்காரன் என்று காட்ட பந்துக்குப் பதில் மல்கோவா மாம்பழம் வரைந்தேன். மூன்று தடவை அழகாகக் குதித்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் காட்டினேன். மாங்காய் மண்டியில் 30 வருஷம் எடை போட்டவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே தடவைதான் பார்த்தார்.

"மாங்கா குதிக்காதுடா."

"இது அனிமேஷன்ப்பா."

"எதுவா இருந்தா என்ன? மல்கோவா விழுந்தா தொப்புனு ஒரே சத்தம். அப்புறம் லேசா ஒரு உருளு. அவ்வளவுதான். இது குதிக்குதுன்னா உள்ள காத்துதான் இருக்கு. எவன்டா எடை போட்டான்?"

மறுநாள் வகுப்பிலும் இதே தீர்ப்புதான், ஆங்கிலத்தில். வெயிட் இல்லையாம்.

அடுத்து, நடை. ஓர் அடி வைக்க 12 ஃபிரேம், இரண்டு அடிக்கு 24. கால் ஊன்றுவது, உடம்பு இறங்குவது, ஒரு கால் இன்னொன்றைக் கடப்பது, உடம்பு எழும்புவது. இந்த நாலு நிலையும் கிடைத்தால் போதும் என்றார். நிஜ ஆள் நடப்பதை வீடியோ எடுத்துப் பார்த்து வரையச் சொன்னார். வீட்டில் சும்மா இருக்கும் ஒரே ஆள் அப்பா. கேமரா என்றதும் சட்டை மாற்றி, தலை சீவி, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். எட்டு டேக் வாங்கினேன். ஒன்பதாவது, அவருக்குத் தெரியாமல் எடுத்தது. வலது முழங்கால் வலியில் லேசாகச் சாய்ந்து சாய்ந்து, அவர் நிஜமாக நடக்கும் நடை.

இங்கேதான் ஒரு தந்திரம் செய்தேன். காலை வரைவதுதானே கஷ்டம்? வேட்டி கட்டி மறைத்துவிட்டால்? பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் பையன், அதாவது சார், சிரித்தார்.

"சூப்பர்ண்ணா. ஆனா வேட்டியும் நடக்கணுமே. கால் முன்னாடி போனா துணி கொஞ்சம் தாமதமா பின்னாடி வரணும். கால் நின்ன பிறகும் வேட்டி ஆடணும். உள்ள கால் எங்க இருக்குன்னு தெரியாம அதை எப்படி வரைவீங்க?"

ஆக, காலும் வரைந்து அதன்மேல் வேட்டியும் வரைந்தேன். பதினோரு நாள். நடுவில் கடைக்கு வந்த ஒரு மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸில் தேதியைத் தப்பாக அடித்தேன். அது தனிக் கதை, அதைச் சொல்லும் நிலையில் இப்போது இல்லை.

முடித்து போனில் ஓடவிட்டு, மனைவியிடம் யார் என்று கேட்காமலே நீட்டினேன். முகம்கூட வரையவில்லை, வெறும் வட்டம்தான். "மாமா எங்க போறாரு?" என்றாள்.

அப்பாவுக்கும் காட்டினேன். நடை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி ஓடும், பின்னணி எதுவும் இல்லை. காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இந்நேரத்துக்கு ரவுண்டானாவுக்கே போயிருக்கணும்டா. ஆளை எங்கயாவது உட்கார வை, முட்டி வலிக்கும்."

உட்கார்வது அடுத்த மாதப் பாடமாம்.