பள்ளத்தூர் அம்பாசிடர்: நின்ற வண்டியை ஓட வைத்த அனுபவம்

பல வருடம் ஓடாமல் நின்ற காரை வாங்கியவர் முதலில் செய்ய ஆசைப்படுவது ஒன்றுதான். புது பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பிப் பார்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் நான் வாங்கிய 1969ஆம் வருட அம்பாசிடர் மார்க் டூ இன்றைக்கு நன்றாக ஓடுகிறது. காகிதம், பிரேக், அப்புறம்தான் என்ஜின் என்ற வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டதுதான் அதற்குக் காரணம்.

செட்டிநாட்டில் பழைய கார் தேடுவது மற்ற ஊர்களில் தேடுவது மாதிரி இல்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழிலுக்கும் வியாபாரத்துக்கும், போய்வந்த குடும்பங்கள் கட்டிய பெரிய வீடுகள் பலவற்றில் மோட்டார் ஷெட் இருக்கும். உயரமான மரக்கதவு, தடித்த சுண்ணாம்புச் சுவர், மேலே ஓடு. வீட்டுக்காரர்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, வண்டி உள்ளேயே நின்றுவிடும். மழை குறைவான, கடற்காற்று அதிகம் எட்டாத பூமி என்பதால் தகரம் அவ்வளவாக அரிப்பதில்லை. வாங்குவதற்கு முன் ஸ்க்ரூடிரைவரால் அடித்தகடு, டிக்கி தரை, பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம் எல்லாவற்றையும் குத்திக் குத்திப் பார்த்தேன். எங்கேயும் உள்ளே இறங்கவில்லை. மெக்கானிக் வேலைக்குப் பணம் செலவழிக்கலாம். அரித்துப்போன பாடிக்குச் செலவழித்து மாளாது.

மார்க் டூ 1962 முதல் 1975 வரை வந்த மாடல். முன்னால் சதுரங்கக் கட்டம் போட்ட கிரில், ஸ்டீரிங்கை ஒட்டிய கை கியர், 1489 சிசி பெட்ரோல் என்ஜின். டீசல் மலிவாக இருந்த காலத்தில் எத்தனையோ அம்பாசிடர்களின் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் என்ஜின் வைத்துவிட்டார்கள். இதில் அப்படி யாரும் கை வைக்கவில்லை. என்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதோடு அப்படியே பொருந்தின. அதைப் பார்த்த பிறகுதான் விலையே பேசினேன்.

காகித வேலைதான் மிக நீளம். வண்டி, விற்ற ஆச்சியின் மாமனார் பெயரில் இருந்தது. அவர் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது. வீடு பங்காளிகளுக்குப் பொது, வண்டியும் அப்படித்தான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து, இவற்றோடு படிவம் 31 கொடுத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகே படிவம் 29, 30 போட்டு வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியும். பினாங்கில் இருக்கும் ஒரு பங்காளியின் கையெழுத்துக்காக எல்லாம் அப்படியே நின்றது. ஆச்சிதான் விடாமல் போன் செய்து வாங்கிக் கொடுத்தார். "எங்க மாமா ஆசையா வச்சிருந்த வண்டி தம்பி. இரும்புக் கடைக்குப் போகாம ஓடுச்சுன்னா போதும்" என்றார். அத்தனை பழைய பதிவு கணினியில் இருக்காது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து ஏற்றச் சொல்ல வேண்டும். முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். கொடுத்துவிட்டு அலைவது பெரிய பாடு.

ஐம்பது வருடம் தாண்டிய, அசல் நிலையில் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு எடுத்துப்போகலாமே தவிர அன்றாடம் ஓட்ட முடியாது. எனக்கு இது ரோட்டில் ஓட வேண்டிய வண்டி. அதனால் படிவம் 25 கொடுத்து, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குச் சாதாரணப் புதுப்பித்தல் செய்யும் வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

இனி வண்டி. ஷெட்டிலேயே வைத்து வேலை பார்க்க ஆச்சி அனுமதித்தார். காரைக்குடியிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் பாய், அம்பாசிடரிலேயே தொழில் பழகியவர். நான் என்ஜினைப் பற்றிக் கேட்டபோது அவர் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடலைன்னா நாளைக்கு ஓட்டிக்கலாம் தம்பி. நிக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

நாலு பக்கமும் டிரம் பிரேக். டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டர் பிஸ்டன்கள் இறுகிக் கிடந்தன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரமே சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழி போட்டுவிடும். கொஞ்சமாகக் குழி விழுந்தவற்றை லேத்தில் கொடுத்து, உள்ளே மெல்லிய உலோகக் குழாயான ஸ்லீவ் போட்டோம். மற்றவற்றைப் புதிதாகவே வாங்கிவிட்டோம். அம்பாசிடர் தயாரிப்பு 2014 வரை நடந்ததால் சென்னை புதுப்பேட்டையில் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. எப்போதோ தயாரிப்பு நின்றுபோன ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி வண்டிக்கு இந்த வசதி இல்லை. முதன்முதலாகப் பழைய கார் எடுப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கப்பு, ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாம் மாற்றி, புது பிரேக் ஆயில் விட்டு, தூரத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து, குழாய்க்குள் இருந்த காற்றை எடுத்தோம். பெடல் கெட்டியாக நின்ற அன்று, என்ஜின் இல்லாமலே வண்டியைத் தள்ளி, பிரேக் பிடித்துப் பார்த்தோம். டயரில் பட்டன் நிறையவே இருந்தது. ஆனாலும் பக்கவாட்டில் நரம்பு தெரிய வெடித்திருந்ததால் ஐந்தையும் மாற்றிவிட்டேன்.

இனி என்ஜின். நாலு பிளக்கையும் கழற்றினோம். டீசலும் என்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் சிரிஞ்சால் விட்டோம். நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் உரசும் இடத்தில் மெல்லிய துரு பிடித்திருக்கும். செல்ஃப் அடித்து அதைப் பிய்த்தால் ரிங் உடையலாம், சிலிண்டரில் கோடு விழலாம். எண்ணெய் ஊறி இறங்க நாள் கொடுக்க வேண்டும். தினமும் மாலையில் போய் இன்னும் கொஞ்சம் விட்டுவிட்டு வருவேன்.

ஊறிக்கொண்டிருக்கும்போதே வால்வுகளுக்கு மேல் இருக்கும் ராக்கர் கவரைத் திறந்தோம். எட்டு வால்வில் ஒன்று, மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட், அமுங்கியபடியே ஒட்டிக் கிடந்தது. வால்வை அமுக்கும் ராக்கருக்கும் அதற்கும் நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி. இதைக் கவனிக்காமல் சுற்றினால் ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு கழன்றுபோகும், இல்லை வளைந்துபோகும். பாய் வால்வுத் தண்டில் எண்ணெய் விட்டு, ஸ்பிரிங் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் லேசாகத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி எண்ணெய், மறுபடி தட்டு. ஒரு கட்டத்தில் 'டக்'கென்று மேலே வந்து நின்றது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு ஹேண்டில். இந்த வண்டியில் முன் பம்பர் வழியாக ஹேண்டிலை நுழைத்து என்ஜினைக் கையால் சுற்றலாம், அது பெரிய வரம். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கச் சொன்னார். திருப்பி அடித்தால் கட்டைவிரல் தப்பிக்கும். முழு பலத்தையும் போடாமல், முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் என்று அசைத்தோம். முதலில் கல் மாதிரி இருந்தது. பிறகு ஒரு விரற்கடை நகர்ந்தது. அப்புறம் கால் சுற்று. முழுச் சுற்று வந்தபோது பிளக் ஓட்டைகளிலிருந்து பழுப்பு எண்ணெய் பீய்ச்சி என் சட்டை முழுக்க அடித்தது. பழைய என்ஜின் ஆயிலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றினோம். பிளக் போடாமலேயே செல்ஃப் அடித்து, ராக்கர் மேல் ஆயில் பொங்கி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. எல்லா இடத்துக்கும் ஆயில் போய்ச் சேராமல் என்ஜினை எரியவிட்டால் பேரிங் போய்விடும்.

பெட்ரோல் டேங்க் தனிக் கதை. உள்ளே கிடந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது, அடியில் துருத்தூள். கூழாங்கல் போட்டுக் குலுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஊரான காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். உலோகம் அரிப்பதும் பேட்டரியும் அங்கே முக்கியமான ஆராய்ச்சி. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமா, மின்சாரத்தால் துருவை எடுக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தார்.

டேங்கைக் கழற்றி, பெட்ரோல் வாடை துளிகூட இல்லாமல் சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவ வேண்டும். இதில் சமரசமே கூடாது. பிறகு தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. மிதவை மாட்டும் ஓட்டை வழியாக ஒரு இரும்புக் கம்பியை, டேங்கின் எந்தப் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிட வேண்டும். பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்குக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க்தான் கரையும். எவர்சில்வர் கம்பி போடவே கூடாது, அதிலிருந்து நஞ்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்தவெளியில், நெருப்பு அண்டாத இடத்தில் வைக்க வேண்டும். பின்கட்டுத் திறந்த முற்றத்தில் வைத்தோம். சிறு குமிழிகள் வந்துகொண்டே இருந்தன, தண்ணீர் மேல் பழுப்பு நுரை கட்டியது. கழுவிப் பார்த்தபோது சிவப்புத் துரு போய், துடைத்தால் வந்துவிடும் கறுப்புப் படிவம் மட்டும்தான் மிச்சம். உடனே வெயிலில் காயவைத்துவிட வேண்டும், தாமதித்தால் மறுபடி துரு ஏறும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு அதிகம். அது பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், தண்ணீரையும் இழுக்கும். ஆகவே பம்ப் டயஃப்ரமும் எல்லா ரப்பர் குழாயும் புதிது.

பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி வைத்தோம், கன்டென்சர் புதிது, பிளக் 25 தௌ. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்.யூ. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினோம். அதன் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டிக்'கென்று தடையில்லாமல் கீழே விழ வேண்டும், அது சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மேலே இருக்கும் சிறு மூடிக்குள் மெல்லிய ஆயில் விட மறக்காதீர்கள்.

ரேடியேட்டருக்கு போர்த் தண்ணீர் ஊற்றப் போனேன். ஆச்சி தடுத்துவிட்டார். "டிரைவர் அண்ணன் மழைத்தண்ணிதான் ஊத்துவாக" என்று வளவில், அதாவது உள்முற்றத்தில், அண்டாவில் பிடித்து வைத்திருந்ததைக் காட்டினார். நாலு புறக் கூரையும் முற்றத்துக்குச் சாய்வதால் இந்த வீடுகளில் மழைத்தண்ணீர் சேர்ப்பது வழக்கம். உப்பு இல்லாத தண்ணீர், உள்ளே காவி கட்டாது. அதை வடிகட்டி, கூலண்ட் கலந்து ஊற்றினோம்.

ஸ்டார்ட் ஆனதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலை ஒழுங்காக நடந்திருந்தால் அப்படித்தான் இருக்கும். சோக்கை இழுத்து, செல்ஃப் அடித்ததும் இருமிக்கொண்டு பிடித்தது. சிலிண்டரில் கிடந்த எண்ணெய் எரிந்து ஷெட் முழுக்க வெள்ளைப் புகை. புகை தெளியத் தெளியச் சத்தம் சீராகி, அந்த அம்பாசிடர் 'குடுகுடு' வந்தது. ஆச்சி முகப்பிலிருந்து இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் பானட்டில் கை வைத்துப் பார்த்தார். கிளட்ச் பிளேட் ஒட்டியிருந்தது. பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கியரில் ஓடவிட்டு, கிளட்சை மிதித்தபடி பிரேக் பிடித்ததில் விட்டுக்கொடுத்தது.

பதிவு புதுப்பிக்காத வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதால் ஆர்.டி.ஓ. சோதனைக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோனேன். ஹேண்ட்பிரேக், லைட், ஹாரன் எல்லாம் பார்த்தார்கள். புதுப்பித்துக் கையில் வந்ததும், பிள்ளையார்பட்டிக்கு ஆச்சியையும் பாயையும் ஏற்றிக்கொண்டு போனேன். எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டோம். திரும்பும்போது குன்றக்குடி தாண்டியதும் பாய் ஓட்டினார், நான் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன்.

பெயின்ட் அடிக்கவில்லை. கதவோரம் தேய்ந்திருக்கிறது, பானட் வெளிறியிருக்கிறது. அசல் பெயின்ட் ஒருமுறை போனால் போனதுதான், அதனால் கழுவி மெழுகு போட்டதோடு நிறுத்திவிட்டேன். என்ஜினுக்குப் பின்பக்கம் ஆயில் சொட்டுகிறது. இந்த என்ஜினில் அது பழக்கமான விஷயம், அளவு குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். அடுத்தது வயரிங். துணி சுற்றிய பழைய வயர்கள் தொட்டால் உதிர்கின்றன, தீப்பிடிக்க அது ஒன்றே போதும். பேட்டரியில் கட்-ஆஃப் சுவிட்ச் போட்டிருக்கிறேன், ஷெட்டில் விட்டதும் அணைத்துவிடுகிறேன். முழு வயரிங்கும் மாற்றும் வரை காரைக்குடியைச் சுற்றி மட்டும்தான் ஓட்டம், அதுவும் பகலில்.